மனோராவிலிருந்து விளார் வரை: டெல்டா யாருடைய போரை நினைவில் வைத்திருக்கிறது?

காணும் பொங்கலன்று பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரத்து மக்கள் கட்டுச்சாதம் கட்டிக்கொண்டு மனோராவுக்குப் போவார்கள். மல்லிப்பட்டினத்துக்குப் பக்கத்தில், சரபேந்திரராஜன்பட்டினத்துக் கடற்கரையில், அறுகோண வடிவில் அடுக்கடுக்காக எழும்பி நிற்கும் கோபுரம் அது. பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடும். பெரியவர்கள் நிழல் பார்த்து உட்கார்ந்துகொள்வார்கள். இதை எதற்குக் கட்டினார்கள் என்று யாரையாவது கேட்டால், "சரபோஜி ராஜா கட்டினது" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். கொஞ்சம் யோசிப்பவர்கள் கலங்கரை விளக்கம் என்பார்கள். அது ஒரு போர் நினைவுச் சின்னம், அதுவும் ஐரோப்பாவில் நெப்போலியன் தோற்றதற்காகக் கட்டியது என்று சொன்னால் நம்புவதற்குச் சற்று நேரம் பிடிக்கும்.

சரபோஜிக்கும் நெப்போலியனுக்கும் என்ன தகராறு? ஒன்றுமில்லை. இரண்டாம் சரபோஜி 1798-ல் பட்டத்துக்கு வந்தார். அடுத்த ஆண்டே போட்டுக்கொண்ட ஒப்பந்தத்தில் தஞ்சை ராஜ்யத்தின் நிர்வாகம் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போய்விட்டது. அவரிடம் மிஞ்சியவை கோட்டை, அரண்மனை, கம்பெனி தரும் மானியம். படை நடத்தும் வேலை இல்லாத மன்னர் சரஸ்வதி மகாலுக்கு ஏடுகளும் நூல்களும் சேர்த்தார். அதற்காகத் தமிழ்நாடு அவருக்குக் கடன்பட்டிருக்கிறது. அப்புறம், கம்பெனிக்காரர்கள் ஜெயித்த போருக்கு ஒரு கோபுரமும் கட்டினார். கல்வெட்டில் தம்மை ஆங்கில அரசின் நண்பர், கூட்டாளி என்று சொல்லிக்கொள்கிறார். ஆங்கிலப் படைகளின் வெற்றிகளையும் போனபார்ட்டின் வீழ்ச்சியையும் நினைவுகூர எழுப்பியதாக அந்த வாசகம் போகிறது. ஆண்டு 1814.

அந்த ஆண்டைச் சற்று கவனிக்க வேண்டும். சுற்றுலாக் குறிப்புகளில் எல்லாம் மனோரா என்றால் வாட்டர்லூ வெற்றிச் சின்னம் என்றே போட்டிருப்பார்கள். வாட்டர்லூ போர் நடந்தது 1815 ஜூன் 18-ல். 1814-ல் நடந்தது வேறு: நெப்போலியன் முடிதுறந்து எல்பா தீவுக்கு அனுப்பப்பட்டார். அங்கிருந்து தப்பி வந்து 1815 மார்ச்சில் மறுபடியும் ஆட்சியைப் பிடித்துவிட்டார். கல்லில் இருக்கும் ஆண்டை நம்புவதானால், சரபோஜி கொண்டாடியது அந்த முதல் வீழ்ச்சியை. சுண்ணாம்பு காய்வதற்குள் விழுந்த ஆள் எழுந்து வந்துவிட்டார்!

வேடிக்கை ஒருபுறம் இருக்கட்டும். அந்தப் போரில் இந்தக் கரையோரத்து மக்களுக்கு இழப்பும் இல்லை, லாபமும் இல்லை. யார் வீட்டிலும் அதற்காக ஒரு விளக்கு ஏற்றியதில்லை. ஆகவே கோபுரம் தங்கிவிட்டது, போர் மறைந்துவிட்டது. 2004 சுனாமியில் மனோரா சேதப்பட்டது. பிறகு பழுது பார்த்தார்கள். இன்றைக்கு மனோராப் பக்கம் போகிறவர்களுக்கு நெப்போலியனைவிடக் கடற்பசுதான் பரிச்சயம். பாக் நீரிணையில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலோரமாக 448 சதுர கிலோமீட்டர் பரப்பை 2022-ல் கடற்பசுக் காப்பகமாக அரசு அறிவித்தது.

டெல்டாவில் போரை ஒட்டிய சின்னங்களுக்குக் குறைவே இல்லை. ஆனால் கட்டிவைத்ததற்கும் மக்கள் நினைவில் வைத்துக்கொள்வதற்கும் இடையில் பெரிய தூரம் இருக்கிறது. எது அந்தத் தூரத்தைக் கடக்கிறது, எது வெறும் கட்டடமாக நின்றுவிடுகிறது என்பதைப் பார்ப்பதற்கு இந்த ஆற்றுப்படுகையைவிட நல்ல இடம் கிடையாது. ஆயிரம் ஆண்டுகளாக எல்லா வகையும் இங்கே இருக்கின்றன.

சோழர்களிடமிருந்து தொடங்கலாம். தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்தில் ஒரு துவாரபாலகர் சிலை இருக்கிறது. சோழ நாட்டுச் சிற்பங்களுக்கு நடுவே அது தனியாகத் தெரியும். உடல்வாகும் அணிகலனும் வேறு மாதிரி. காரணம், அது இந்த ஊர்ச் சிலையே இல்லை. பீடத்தில் எழுத்து வெட்டியிருக்கிறார்கள்: விஜயராஜேந்திர சோழதேவர் "கல்யாணபுரம் எறிந்து கொடுவந்த துவாரபாலகர்" என்று. பதினொன்றாம் நூற்றாண்டின் நடுவில், விஜயராஜேந்திரன் என்ற பட்டம் கொண்ட முதலாம் ராஜாதிராஜன் சாளுக்கியத் தலைநகரை அழித்து அங்கிருந்து தூக்கிக்கொண்டு வந்தது அது. பிற்காலத்தில் தாராசுரத்தில் இருந்து, அங்கிருந்து கலைக்கூடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது. தோற்றவன் ஊர் வாசற்காவலனை நம் ஊர் வாசலில் நிறுத்துவது என்பது எவ்வளவு துல்லியமான அவமானம் என்று அன்றைய மக்களுக்கு விளக்கவே வேண்டியிருந்திருக்காது.

ராஜாதிராஜனின் தந்தை ராஜேந்திரன் இன்னும் ஒரு படி மேலே போனவர். கங்கை வரை படை அனுப்பி, தோற்ற மன்னர்களின் தலையில் நீர்க்குடம் ஏற்றிக் கொண்டுவந்ததாகச் சோழச் செப்பேடுகள் பெருமைப்படுகின்றன. கொள்ளிடத்துக்கு வடக்கே கங்கைகொண்டசோழபுரத்தில் வெட்டிய சோழகங்கம் ஏரியைத் திருவாலங்காட்டுச் செப்பேடு நீராலான வெற்றித்தூண் என்கிறது. கல்லில் இல்லாமல் தண்ணீரில் ஒரு வெற்றித்தூண்! உலகத்துப் போர்ச் சின்னங்களில் இதைப்போல் உழவனுக்குப் பிரயோஜனமான ஒன்று வேறு உண்டா என்று எனக்குத் தெரியவில்லை. இப்போது ஊர்க்காரர்களுக்கு அது பொன்னேரி. வெற்றி மறந்துவிட்டது, ஏரி இருக்கிறது.

ஆனால் துவாரபாலகரிலும் சரி, சோழகங்கத்திலும் சரி, செத்தவன் எங்கே? கல்யாணபுரத்தில் விழுந்த சோழப் போர்வீரன் எந்த ஊர்க்காரன், அவன் பெண்டாட்டி பிள்ளை என்ன ஆனார்கள் என்று யாரும் எழுதிவைக்கவில்லை. எழுதியிருந்தால் அது மன்னர்களைப் பற்றியதாக இருக்கும். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் இருக்கும் திருப்புறம்பியத்தில் ஒன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் நடந்த போரில் பல்லவன் அபராஜிதனுக்காகக் கங்க மன்னன் முதலாம் பிருதிவீபதி உயிரைக் கொடுத்தான். அந்தச் செய்தி அவன் பேரன் காலத்து உதயேந்திரம் செப்பேட்டில் இருக்கிறது. சோழப் பேரரசுக்கே வழி திறந்துவிட்ட போர் அது. கூடச் செத்தவர்களுக்கு ஒரு வரி கிடையாது.

சாதாரண வீரனுக்குக் கல் நடும் பழக்கம் தமிழ்நாட்டில் இல்லாமல் இல்லை. செங்கம், தருமபுரிப் பக்கம் போனால் நடுகற்கள் வயல் ஓரத்திலேயே நிற்கும். ஆநிரை மீட்டுச் செத்தவன் பெயரும் ஊரும் அதில் இருக்கும். டெல்டாவில் அது அரிது. வண்டல் மண்ணில் கல் கிடையாது என்பது ஒரு காரணமாக இருக்கலாம். பெரிய கோயிலுக்கே கல் வெளியிலிருந்துதான் வந்தது. ஆனால் நடுகல்லைப் பற்றித் தொல்காப்பியம் சொல்வதில் நமக்கு வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து என்று ஆறு படிகள். கல்லை நடுவது நாலாவது படிதான். அதற்குப் பிறகு படையல் போட வேண்டும், வாழ்த்த வேண்டும். அதாவது கல் நட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று நம் முன்னோர் நினைக்கவில்லை. திறப்பு விழாவோடு கடமை தீர்ந்ததாக நினைக்கும் நம் காலத்துக்கு இது உறைக்க வேண்டும்.

டெல்டாவின் சொந்த வழக்கம் கல்லில் இல்லை, தண்ணீரில் இருக்கிறது. ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் பூம்புகார்ச் சங்கமத்திலும், வேதாரண்யம் கடலிலும், திருவையாற்றுப் புஷ்ய மண்டபத் துறையிலும், ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்திலும் கூடும் கூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். அங்கே சிலை வேண்டாம், கோபுரம் வேண்டாம். எள்ளும் தண்ணீரும் மூன்று தலைமுறைப் பெயர்களும் தெரிந்தால் போதும். செத்த திதி தெரியாதவர்களுக்கும் வழி வைத்திருக்கிறார்கள்: மகாளய அமாவாசையில் கொடுத்துவிடலாம். எல்லாச் சாதிக்கும் எல்லா மதத்துக்கும் பொருந்தும் வழக்கம் இல்லை இது. ஆனாலும் இதன் கட்டமைப்பைப் பாருங்கள்: ஒரு நாள், ஒரு பெயர், கையால் செய்யும் ஒரு காரியம். இந்த மூன்றும் இருந்தால் நினைவு தங்கும் என்பதுதான் என் கணிப்பு. இதை அளவுகோலாக வைத்துக்கொண்டு மேலே போகலாம்.

வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த போர் நினைவுச் சின்னம் இந்த அளவுகோலில் எப்படித் தேறுகிறது? திருச்சி காந்தி மார்க்கெட் பக்கத்தில் முதல் உலகப் போர் நினைவுச் சின்னம் இருக்கிறது. காய்கறி லாரிகள், ஆட்டோக்கள், தலைச்சுமைக்காரர்கள் என்று ஓயாத நெரிசலில் அது ஒதுங்கி நிற்கும். இந்தியா முழுவதும் அந்த நாளில் பதித்த கல்வெட்டுகளுக்கு ஏறக்குறைய ஒரே வாசகம்தான்: இந்த ஊரிலிருந்து 1914 முதல் 1919 வரை நடந்த பெரும்போருக்கு இத்தனை பேர் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிரைக் கொடுத்தார்கள். எண் இருக்கும், பெயர் இருக்காது. மெசபடோமியாவில் (இன்றைய ஈராக்) என்ன சண்டை, அங்கே நம் ஆட்கள் எதற்குப் போனார்கள் என்பதும் இருக்காது. மதராஸ் சேப்பர்ஸ் என்ற பொறியாளர் படைப்பிரிவு அங்கே பாலம் கட்டியும் பதுங்குகுழி வெட்டியும் செத்திருக்கிறது என்பதை ராணுவ வரலாறு படிப்பவர்களைத் தவிர யாரும் பேசுவதில்லை.

பெயர் விடுபட்டது தற்செயல் இல்லை. முதல் உலகப் போருக்கு இந்தியாவிலிருந்து 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கடல் கடந்து போனார்கள்; 74,000 பேர் வரை செத்தார்கள். டெல்லி இந்தியா கேட் சுவரில் இருக்கும் பெயர்கள் 13,000 சொச்சம்தான். ஈராக்கின் பாஸ்ரா நினைவிடத்தில் பிரிட்டிஷ் வீரர்களின் பெயர்கள் தனித்தனியாக வெட்டப்பட்டன. இந்தியர்களில் அதிகாரிகளுக்குப் பெயர். சிப்பாய்களுக்கு வெறும் எண்ணிக்கை. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையமே 2021-ல் ஒரு அறிக்கை வெளியிட்டு இந்தப் பாகுபாட்டை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. பெரும்பாலும் கிழக்கு ஆப்பிரிக்கரும் எகிப்தியருமாகக் குறைந்தது 1,16,000 பேர் பெயரோடு நினைவுகூரப்படவே இல்லை என்று அதில் இருக்கிறது. அந்த எண்ணிக்கை 3,50,000 வரை போகலாமாம். மார்க்கெட் வாசலில் நிற்கும் கல் யாருக்கும் ஒட்டாமல் போனதற்கு நம் மறதியை மட்டும் குறை சொல்ல முடியாது. கல்லிலேயே பிடிமானம் இல்லை.

ராணுவத்துக்கு ஆள் கொடுத்த மண் என்று டெல்டாவைச் சொல்ல முடியாது. அந்தப் பெயர் வேலூர்ப் பக்கத்துக் கம்மவான்பேட்டை போன்ற ஊர்களுக்கு. டெல்டா ஆள் கொடுத்தது கப்பலுக்கு. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போன கப்பல்களில் தஞ்சாவூர் ஜில்லாக் கூலிகள் தலைமுறை தலைமுறையாக ஏறியிருக்கிறார்கள். ஆகவே இரண்டாம் உலகப் போரில் இந்த மண் இழந்தது சீருடைக்காரர்களை அல்ல, ரப்பர்த் தோட்டத்து ஆட்களை. 1942-43-ல் ஜப்பானியர் சயாமுக்கும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கும் இடையில் 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டார்கள். மலேயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களை அள்ளிக்கொண்டு போனார்கள். காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் செத்த ஆசியத் தொழிலாளிகள் சுமார் 90,000 பேர் என்பது பரவலான மதிப்பீடு. தாய்லாந்தின் காஞ்சனபுரியில் நேச நாட்டுப் போர்க்கைதிகள் ஏறத்தாழ 7,000 பேருக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. புல் வெட்டி, பூச்செடி வைத்துப் பராமரிக்கிறார்கள். அதே பாதையில் செத்த தமிழனுக்குத் தனிக் குழிகூட இல்லை. ஊரில் காத்திருந்தவர்களுக்குக் கடிதம் நின்றுபோனதுதான் செய்தி. கணவன் இருக்கிறானா இல்லையா என்று தெரியாமல் பொட்டை அழிக்கவும் முடியாமல் வைக்கவும் முடியாமல் இருந்த பெண்களுக்கு எந்தச் சந்தியில் யார் கல் வைப்பது? டெல்டாவின் மிகப் பெரிய போர் இழப்பு இதுதான் என்று நினைக்கிறேன். அதற்கு இந்தக் கரையில் சின்னமே கிடையாது.

சரி, பிடிமானம் உள்ள சின்னம் எப்படி இருக்கும்? வேதாரண்யத்துக்குப் போனால் தெரியும். 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து ராஜாஜி தலைமையில் கிளம்பிய தொண்டர்கள் ஆற்றங்கரை ஊர்கள் வழியாக நடந்து 28-ம் தேதி வேதாரண்யம் சேர்ந்தார்கள். 30-ம் தேதி அகஸ்தியம்பள்ளியில் உப்பு அள்ளினார்கள். ஆயுதம் இல்லாத போர்தான், ஆனாலும் தஞ்சை கலெக்டர் தார்ன் அதைப் போராகவே எடுத்துக்கொண்டார். தொண்டர்களுக்குச் சோறு போட்டாலோ இடம் கொடுத்தாலோ தண்டனை என்று உத்தரவு போட்டார். ஊர்க்காரர்கள் என்ன செய்தார்கள்? சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். போட்டது யார் என்று கண்டுபிடிக்க முடியாது. சாப்பிட வேண்டியவர்களுக்குச் சோறு போய்ச் சேர்ந்துவிடும். அந்த இடத்தில் நினைவுத் தூண் இருக்கிறது. அதைவிட முக்கியம், ஏப்ரல் 30 அன்று இன்றும் ஆட்கள் வந்து குனிந்து உப்பு அள்ளுகிறார்கள். சடங்காகிவிட்டது என்று சிலர் சலித்துக்கொள்வார்கள். சடங்கானதால்தானே தொண்ணூறு ஆண்டு தாண்டியும் இருக்கிறது?

இன்னொன்று கீழ்வெண்மணி. 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரே குடிசையில் வைத்து எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். இதைப் போர் என்று எந்த அரசு ஏட்டிலும் எழுத மாட்டார்கள். குற்றம் சாட்டப்பட்ட நிலச்சுவான்தார்களை உயர் நீதிமன்றம் விடுவித்தது. ஆனால் டெல்டாவில் அதிகமாக நினைவுகூரப்படும் நினைவிடம் எது என்று கேட்டால் நான் வெண்மணியைத்தான் சொல்வேன். ஆண்டுதோறும் அதே தேதியில் செங்கொடியோடு ஊர் ஊராக வருகிறார்கள். 44 பெயர்களும் கல்லில் இருக்கின்றன. ஒரே வீட்டில் எத்தனை பேர் போயிருக்கிறார்கள் என்பது அந்தப் பட்டியலைப் படித்தாலே விளங்கிவிடும். நாள், பெயர், காரியம் மூன்றும் இருக்கின்றன. கூடவே ஒரு சங்கம் இருக்கிறது. அந்த நாலாவது இல்லாவிட்டால் முதல் மூன்றும் எவ்வளவு நாள் ஓடியிருக்கும் என்று சொல்ல முடியாது.

இப்போது விளாருக்கு வரலாம். தஞ்சாவூர்ப் புறநகரில், விளார் சாலையில் இருக்கும் முள்ளிவாய்க்கால் முற்றம், இந்த வட்டாரத்தில் போரில் செத்தவர்களுக்காகவே கட்டிய ஒரே பெரிய பொது நினைவிடம். விசித்திரம் என்னவென்றால் அந்தப் போர் நடந்தது இங்கே இல்லை. செத்தவர்கள் இந்த ஊர்க்காரர்களும் இல்லை. பழ. நெடுமாறன் தலைமையிலான உலகத் தமிழர் பேரமைப்பு, நன்கொடை திரட்டிக் கட்டியது. இலங்கையின் வடகிழக்கில் நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் நடுவில் ஒடுங்கிய மணல் திட்டில் 2009 மே 18 வரை நடந்த கடைசிக்கட்டப் போரில் செத்தவர்களுக்காக. அந்தக் கடைசி மாதங்களில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழு 2011-ல் சொன்னது. இறந்தவர்களின் முழுப் பெயர்ப்பட்டியல் இன்றுவரை எங்குமே கிடையாது.

முற்றத்தின் மையம் கருங்கல் சிற்பங்கள். நடந்து பார்க்க வேண்டிய கல் சுவர் அது. பிள்ளையை மார்போடு அணைத்து ஓடும் தாய், தலைக்கு மேலே விமானம், சிதறிக் கிடக்கும் உடல்கள். நமக்குப் பழக்கப்பட்ட கோயில் சிற்பத்தின் அதே உளி, அதே கல். காட்சி மட்டும் தொலைக்காட்சியில் வந்தது. கும்பகோணம் வட்டாரக் கோயில்களில் இதிகாசத்தைத் தொடர்சிற்பமாக வரிசையாகப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்தச் சுவரை எப்படிப் படிப்பது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஈழத்துக்காகத் தீக்குளித்த முத்துக்குமார் போன்றவர்களுக்கும் அங்கே இடம் கொடுத்திருக்கிறார்கள்.

திறப்பு விழா 2013 நவம்பர் 8 என்று அறிவித்திருந்தார்கள். தடை வந்துவிடும் என்ற பேச்சு அடிபட, 6-ம் தேதியே நெடுமாறன் திறந்துவைத்தார். ஒரு வாரம்கூட ஆகவில்லை. நவம்பர் 13 விடியற்காலையில் போலீஸ் பாதுகாப்போடு இயந்திரங்கள் வந்தன. முகப்புப் பூங்காவும் சுற்றுச்சுவரும் நெடுஞ்சாலைத் துறை நிலத்தில் இருக்கின்றன, ஆக்கிரமிப்பு என்று சொல்லி இடித்தார்கள். நெடுமாறனும் தோழர்களும் கைதானார்கள். அதற்கு முந்தைய நாள் மாலைதான், கொழும்பில் நடக்கவிருந்த காமன்வெல்த் மாநாட்டை இந்தியா முற்றிலும் புறக்கணிக்க வேண்டும் என்று தமிழ்நாடு சட்டப்பேரவை தீர்மானம் போட்டிருந்தது. ஒரு கை கண்டனத் தீர்மானம் எழுத, மறு கை சுவரை இடித்தது. ஆக்கிரமிப்பா இல்லையா என்ற நில அளவைக் கேள்விக்குள் நான் போகவில்லை. தமிழ்நாட்டுச் சாலையோரத்தில் அந்த விதியைக் கறாராகப் பார்த்தால் எத்தனை சிலைகளும் கொடிக்கம்பங்களும் தப்பும் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதைதான்.

இடிப்பு ஒரு வகையில் அந்த இடத்துக்கு ஒரு வரலாறு கொடுத்துவிட்டது. அதுவரை அது அடுத்த நாட்டுத் துயரத்தின் சின்னம். இடிபட்ட பிறகு இந்த ஊரிலும் அதற்கு ஒரு காயம் உண்டாகிவிட்டது. கடல் கடந்தும் இதே கதைதான் என்பதை மக்கள் சேர்த்துப் பார்த்தார்கள். ஈழத்தில் புலிகளின் கல்லறைகளான மாவீரர் துயிலும் இல்லங்களை இலங்கை ராணுவம் தரைமட்டமாக்கியிருந்தது. பிறகு 2021 ஜனவரி 8 இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத் தூபியையும் இடித்தார்கள். மாணவர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள், மறுபடி கட்ட அனுமதி கிடைத்தது, ஏப்ரலில் திறந்தார்கள். பறிகொடுத்தவர்கள் தங்கள் மண்ணில் நிம்மதியாக ஒரு கல் வைக்க முடியாத நிலையில், வேறொரு மண் அந்தக் கல்லை வாங்கி வைத்துக்கொள்கிறது. விளார் முற்றத்தின் நியாயம் இதில்தான் இருக்கிறது.

ஆனால் இதே காரணம் அதன் பலவீனமும் ஆகிறது. உற்றார் இங்கே இல்லை. திருச்சி கொட்டப்பட்டு, வாழவந்தான்கோட்டை முகாம்களில் இருக்கும் ஈழத் தமிழ்க் குடும்பங்களை விட்டால், மே 18 அன்று சொந்தத் துக்கத்தோடு வரக்கூடியவர்கள் குறைவு. மற்றவர்கள் வருவது இன உணர்வால், கட்சியால், கொள்கையால். அப்படி வருவதில் தவறில்லை. ஆனால் துக்கம் கேட்க வந்த இடத்தில் மேடைப் பேச்சு நீண்டுவிடும் ஆபத்து உண்டு. கல்லில் இல்லாதவர்களைப் பற்றியும் யோசிக்க வேண்டும். நான் மேலே சொன்ன அதே ஐ.நா. அறிக்கை, பொதுமக்களைப் புலிகள் கேடயமாக்கியதையும், பிள்ளைகளைக் கட்டாயமாகப் படையில் சேர்த்ததையும், தப்பி ஓடியவர்களைச் சுட்டதையும் சொல்கிறது. 1987 முதல் 1990 வரை அமைதிப்படையாகப் போன இந்தியச் சிப்பாய்களில் 1,000-க்கும் மேற்பட்டவர்கள் அங்கே செத்தார்கள். அமைதிப்படை கொன்ற தமிழர்களும் இருக்கிறார்கள். இவர்களுக்கெல்லாம் ஒரே முற்றத்தில் இடம் கிடைக்காது என்பது எனக்குப் புரிகிறது. ஒரு தரப்பு கட்டும் நினைவிடம் அந்தத் தரப்பின் துக்கத்தைத்தான் பேசும்; வெண்மணியும் அப்படித்தான். இருந்தாலும் விளார் சுவரைப் பார்க்கிற பள்ளிப் பிள்ளை, அதோடு கதை முடிந்தது என்று நினைத்துவிடக் கூடாது.

மே 18-க்கான காரியம் கல்லிலிருந்து வரவில்லை, கஞ்சிப் பானையிலிருந்து வந்தது. முள்ளிவாய்க்காலின் கடைசி நாட்களில் அரிசியும் தண்ணீரும் உப்பும் போட்டுக் காய்ச்சிய கஞ்சிதான் சனங்களுக்குச் சாப்பாடு. அதை வாங்க வரிசையில் நின்றவர்கள் மேல் குண்டு விழுந்திருக்கிறது. போர் முடிந்த பிறகு அதே கஞ்சியை மே மாதத்தில் காய்ச்சித் தெருவில் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் ஊற்றிக் கொடுக்கும் வழக்கம் ஈழத்தில் உண்டானது. பல இடங்களில் தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றுவார்கள். இதற்குக் கட்டடம் வேண்டாம், கல்தச்சன் வேண்டாம், யாரும் இடிக்கவும் முடியாது. முடியாது என்றா சொன்னேன்? 2024 மே மாதத்தில் திருகோணமலை மாவட்டம் சம்பூரில் கஞ்சி காய்ச்சியதற்காகப் பெண்களைக் கைது செய்தார்கள். உப்புக் கஞ்சிக்கு இவ்வளவு பயப்படுகிற அரசுக்கு அதன் வலிமை நன்றாகவே தெரிந்திருக்கிறது.

இந்தக் கஞ்சி தமிழ்நாட்டிலும் மே 18 நிகழ்வுகளில் கொடுக்கப்படுகிறது. டெல்டாவில் அது இன்னும் இயல்பாக ஒட்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. நெல் விளையும் ஊரில் கஞ்சியின் அர்த்தத்தை விளக்க வேண்டியதில்லை. மாரியம்மன் கோயிலில் ஆடிக்கூழ் ஊற்றுகிறவர்கள், ரம்ஜான் மாதத்தில் நோன்புக் கஞ்சி வாங்கிக் குடிக்கிறவர்கள் இருக்கும் ஊர் இது. வேதாரண்யத்தில் உப்பு, விளாரில் உப்புப் போட்ட கஞ்சி. சிற்பச் சுவரைப் பார்த்து அழுகிறவர்கள் வீட்டுக்குப் போனதும் மறந்துவிடலாம். கஞ்சி காய்ச்ச முதல் நாளே அரிசி கேட்டு நாலு வீடு ஏறி இறங்குகிறவர்கள் அப்படி மறக்க மாட்டார்கள்.

இனி வரப்போகிற கேள்வி வேறு. 2009-ல் பிறந்த பிள்ளைகள் 2027-ல் ஓட்டுப் போடும் வயதுக்கு வருகிறார்கள். அவர்களுக்கு முள்ளிவாய்க்கால் என்பது, சரபோஜிக்கு, நெப்போலியன் தோற்ற லீப்சிக் போர்க்களம் எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரமாகிவிட வாய்ப்பிருக்கிறது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் பயணிகள் கப்பல் விட்டார்கள். காலையில் ஏறினால் பகல் பொழுதுக்குள் அக்கரை போய்விடலாம். போர்க்காலத்தில் கோடியக்கரைப் பக்கம் இருட்டில் படகில் வந்து இறங்கியவர்களின் பிள்ளைகள் இப்போது பாஸ்போர்ட்டோடு போய்வரலாம். விளார் முற்றத்தை நடத்துகிறவர்கள் செய்யக்கூடிய காரியம் ஒன்று இங்கே இருக்கிறது. அக்கரையில் பெயர்களைத் திரட்டும் முயற்சிகள் நடந்துகொண்டிருக்கின்றன. முகாம்களில் இருக்கும் குடும்பங்களிடமே எத்தனையோ பெயர்கள் இருக்கும், வயது இருக்கும், ஊர் இருக்கும், கடைசியாக எந்த இடத்தில் பார்த்தார்கள் என்ற விவரம் இருக்கும். கேட்டு எழுதிக்கொள்ள நோட்டும் பேனாவும் போதும். வெண்மணியில் 44 பெயர்களை வெட்டியது போல இங்கே பல்லாயிரம் பெயர்களை வெட்ட முடியுமா என்றால், ஒரே ஆண்டில் முடியாது. ஆண்டுக்கு ஒரு வரிசை வெட்டலாம். பெயர் கொடுத்த குடும்பம் மே 18 அன்று அதைப் பார்க்க வரும்.